ஐம்பத்தொன்பது மார்க்

என் சண்டைக்கார அண்ணனுக்கு,

உன் கேமுக்கு மார்க் போட்டுவிட்டேன். ஐம்பத்தொன்பது. அதனால் அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கேம்களுக்கு மார்க் போடும் நம் சேனலைப் பார்க்கிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை இங்கேயே எழுதுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு நம் பார்முலாவைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து விஷயம், ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க். கைக்கு எப்படிப் பணிகிறது என்பதை மூன்றால் பெருக்க வேண்டும். கதையை இரண்டால், மறுபடி ஆடத் தோன்றுகிறதா என்பதை இரண்டால். படமும் சத்தமும் சேர்த்து ஒன்றுதான், பளபளப்புக்கு மயங்கக் கூடாது என்பாய். கடைசியாக, கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கிறதா என்பதற்கு இரண்டு. மொத்தம் நூற்றுக்கு அறுபது வராவிட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுவோம்.

அந்தக் கரண்ட் மார்க்கை வேறு எவன் போடுவான்? திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே குடியிருந்து கேம் ஆடுகிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். எத்தனை பெரிய கம்பெனி கேமுக்கெல்லாம் அதில் சைபர் போட்டுவிட்டுக் குதித்திருக்கிறாய்!

ஞாயிற்றுக்கிழமை இளங்கோ அண்ணன் வந்தார். நீங்கள் இரண்டு பேரும் இரண்டு வருஷம் உட்கார்ந்து செய்த ‘கடைமடை’யை நம் கம்ப்யூட்டரில் ஏற்றினார். “நம்ம சேனல்ல மார்க் வந்தாத்தான் நாலு பேரு எறக்கிப் பாப்பாங்க, கயலு” என்று சொல்லிவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டார்.

ஆடினேன். வாய்க்கால் மதகுகளில் ஒவ்வொரு ஷட்டராகத் திறந்து மூடி, கருகிக்கொண்டிருக்கும் கடைசி வயலுக்குத் தண்ணீரைக் கொண்டுபோக வேண்டும். நன்றாகத்தான் செய்திருக்கிறாய். கைக்கு ஏழு, கதைக்கு எட்டு, மறுபடி ஆட எட்டு, படத்துக்கும் சத்தத்துக்கும் ஆறு. பெருக்கிக் கூட்டினால் ஐம்பத்தொன்பது. கரண்ட் மார்க் மட்டும் பாக்கி. அதில் ஒன்று விழுந்தாலே அறுபத்தொன்று.

சொல்லாமல் கொள்ளாமல் மெயினை அணைக்க வேண்டும் என்பது நீ வைத்த விதி. எழுந்து போய் அணைத்தேன். கொல்லைப்பக்கம் கிரைண்டர் நின்றது. “யாருடி மெயினைத் தொட்டது?” என்று அம்மா மாவுக் கையோடு வந்தாள். மறுபடி போட்டுவிட்டு மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசி வயலுக்குப் பத்தடி தூரத்தில் தண்ணீரை விட்டிருந்தேன். கேம் திறந்தபோது முதல் ஷட்டரில் நின்றது, மூடியபடி.

“சேவ் ஆகலையே, அண்ணே.”

இளங்கோ அண்ணன் தரையைப் பார்த்தார். “அது அவன் எழுதறதா இருந்துச்சு. பாதியில வச்சிட்டுத்தான் காய்ச்சல்னு படுத்தான். அவன் எழுதினதுல கை வைக்க எனக்கு மனசு வரல.”

படுத்தவன் எழுந்திருக்கவே இல்லையே! உனக்குப் புரிகிறதா, அண்ணா? நீ செத்துப்போனதற்காக உன் மார்க்கைக் குறைக்கச் சொன்னது உன் பார்முலா.

“எத்தனடி வந்திருக்கு?” என்று அம்மா கேட்டாள்.

“அம்பத்தொம்பது.”

“பாஸ்தானே?”

“அறுவது வேணும்மா.”

“ஒத்த மார்க்குதானே, போட்டு வுடேன். யாரு வந்து கேக்கப் போறா?”

“பாதி எழுதியிருக்கான்ல” என்றார் இளங்கோ அண்ணன், யாரையும் பார்க்காமல். “பாதிக்கு அஞ்சு போடலாம்ல?”

உன் மார்க்கும் என் மார்க்கும் ஒத்துவராவிட்டால் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வோம். இப்போது நான் யாரோடு சண்டை போடுவேன்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் ஒன்று என்று கோடு இழுத்துவிட்டேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தக் கோட்டையே வளைத்துச் சைபராக்கினேன்.

“பெத்த வயிறுடி இது” என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள். இளங்கோ அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ‘ஐம்பத்தொன்பது, வேண்டாம்’ என்று தனியாக உட்கார்ந்து பதிவு செய்தேன். குரல் உடைந்தது. அப்படியே போட்டுவிட்டேன். செய்தது சரியா? மார்க் உனக்கா, உன் வேலைக்கா? மூன்று நாளும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று காலை அம்மா தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இதே மாதிரி நீ ஒண்ணு செஞ்சி, அவன் மார்க் போட்டிருந்தா?”

“சைபர்தாம்மா. சிரிச்சிக்கிட்டே போட்டிருப்பான்.”

அம்மா என்னையே பார்த்தாள். “போடுவான், போடுவான். ஈவு எரக்கமில்லாத பய. தங்கச்சின்னு பாப்பானா அவன்!”

நீ போனபிறகு அம்மா உன்னைத் திட்டியது இதுதான் முதல் தடவை. இத்தனை மாதமாக ‘எம்புள்ள தங்கம்’ என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. இன்று நிறுத்தவே இல்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு, சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு ஓடியதற்கு, ஒருத்தரிடமும் சொல்லாமல் காய்ச்சலோடு உட்கார்ந்திருந்ததற்கு. அவள் திட்டத் திட்ட நீ வீட்டுக்குள் வந்துகொண்டே இருந்தாய். அழுதுகொண்டே இரண்டு பேரும் சிரித்தோம்.

நாளைக்கு இளங்கோ அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். நீ பாதியில் விட்டதை அவரும் நானும் உட்கார்ந்து முடிப்போம். முடிக்கிற வரைக்கும் ஐம்பத்தொன்பது ஐம்பத்தொன்பதாகவே இருக்கும். செத்துப்போனாய் என்பதற்காக உனக்கு ஒரு மார்க்கும் போடமாட்டேன், அண்ணா. இது சத்தியம்.

உன்னைப் போலவே ஈவு இரக்கமில்லாத,
உன் கூடப்பிறந்தவள்
கயல்