சத்தமில்லாமல் பார்த்த ஐம்பத்திரண்டு விநாடி

தோணிரேவு
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஜெனிஃபர்,

நீ நலமாக இருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னார்கள். அந்த நலத்தை நம்பித்தான் எழுதுகிறேன். இந்த முறை விசாரிப்பதற்காக மட்டும் எழுதவில்லை. நாளை விமானம் ஏறும் உன் சந்தியாகு சித்தப்பாவிடம் இதைக் கொடுக்கிறேன். கருவாட்டுப் பொட்டலத்துக்குள் ஒரு மெமரி கார்டு இருக்கும். கடிதத்தை முழுவதும் படித்த பிறகு அதைப் பார். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாமே என்று நினைப்பாய். இங்கே யாருக்கு எதை அனுப்பினாலும் அது சுற்றிக்கொண்டு ஊர்க் குழுவுக்கு வந்துவிடுகிறது. அந்தக் குழுவில் ஏஜெண்ட் ரங்கனும் இருக்கிறார்.

நீ மருத்துவமனை வேலையில் இருக்கும் அதே துறைமுக நகருக்கு நம் ஊரிலிருந்து ஐந்து பேர் மீன்பிடி வேலைக்குப் போனது உனக்குத் தெரியும். அனுப்பியவர் ரங்கன். ஒப்பந்தம் பொங்கலோடு முடிந்தது. ஆடி பிறக்கப் போகிறது, இன்னும் ஒருவரும் திரும்பவில்லை. பாஸ்போர்ட்டுகள் படகு முதலாளியிடம் இருக்கின்றன. எப்போதாவது போன் வரும். பக்கத்தில் யாரோ நிற்பதுபோல அளந்து பேசிவிட்டு வைத்துவிடுவார்கள். இனிப் பொறுக்க முடியாது என்று வீட்டுப் பெண்கள் கலெக்டரிடம் மனு கொடுக்கக் கிளம்பிய வாரத்தில் ஒரு வீடியோ வந்தது; கார்டில் இருப்பது அதுதான். ஐம்பத்திரண்டு விநாடி. ஐந்து பேரும் வரிசையாக நிற்கிறார்கள். தருமன் அண்ணன் மட்டும் பேசுகிறார். "நாங்கோ நல்லாகீறோம். மொதலாளி நல்லா பாத்துக்குறாரு. இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்டு வர்றோம். மனு கினுன்னு யாரும் அலையாதீங்கோ" என்கிறார்.

ஊரே மூச்சு விட்டது. நானும்தான்.

இரண்டே நாளில் ரங்கன் காகிதங்களோடு வந்தார். அவர்கள் சொந்த விருப்பத்தில்தான் இருக்கிறார்கள், எங்களுக்குச் சம்மதம் என்று ஐந்து வீட்டிலும் கையெழுத்து வேண்டுமாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு எந்த அலுவலகத்திலும் நாம் பேச முடியாது. இதற்கிடையில் ஊர்ப் பெரியவர்களும் கூடி, மனு வேண்டாம், மீறுகிற வீட்டுக்கு அடுத்த வலைப்பாட்டில் இடமில்லை என்று கட்டுப்பாடு வைத்துவிட்டார்கள். ஏரியில் எந்த நாள் யார் வலை போடுவது என்று பிரித்துக்கொடுப்பது ஊர்தான். பாடு போனால் அந்த வீட்டில் மிச்சமிருக்கும் ஆண்கள் கரையில் உட்கார வேண்டியதுதான் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி என் வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். படம் போட்டு எப்படி இங்கிலீஷ் சொல்லித்தருகிறாய் என்று போன மாதம் கேட்டாய். இந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் என்பது கரும்பலகையிலிருந்து நோட்டுக்கு நகர்கிற ஒன்று. யாரும் யாரிடமும் அதில் கோபித்து, கெஞ்சி, சிரித்து அவர்கள் பார்த்ததில்லை. அதனால் ஒரு படத்திலிருந்து இரண்டு நிமிடக் காட்சியை வெட்டி எடுத்து, முதலில் சத்தமில்லாமல் போடுவேன். முகத்தையும் கையையும் பார்த்து, அவர் என்ன சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுத வேண்டும். பிறகுதான் சத்தம். முதல் நாள் விக்கி எழுந்து, "டீச்சர், டிவி ஊமையாயிடுச்சி, மெக்கானிக்க இட்டுக்கினு வரட்டா?" என்றான். இப்போது அவன்கூட எழுதுகிறான்.

போன வியாழக்கிழமை, ரயிலடியில் ஒரு தாய் மகனை வழியனுப்பும் காட்சி. சத்தமில்லாமல் போட்டேன். பாதிப் பேர் 'போகாதே' என்று எழுதினார்கள். சத்தம் வைத்தபோது அந்தத் தாய், சீக்கிரம் ஏறு, ரயில் போய்விடும் என்று சொல்கிறாள். ஆனால் அவள் கை மகனின் பையை விடவில்லை. தப்பா எழுதிட்டோமா டீச்சர் என்று கேட்டார்கள். இல்லை, நீங்கள் எழுதியதும் சரிதான் என்றேன். அடுத்த காட்சிக்காகச் சத்தத்தை நிறுத்தினேன். நான் ரிமோட்டைக் கீழே வைப்பதற்குள் பென் டிரைவில் இருந்த அடுத்த கோப்பு தானாக ஓடத் தொடங்கியது. அது அந்த வீடியோ.

அணைக்கப் போனேன். தருமன் அண்ணனின் மகள் சுபஸ்ரீ எழுந்து நின்றுவிட்டாள். எட்டாம் வகுப்பில் அவள்தான் அதிகம் பேசாதவள். என் கை நடுவழியில் நின்றது. ஐம்பத்திரண்டு விநாடியும் ஓடி முடிந்தது. யாரும் சொல்லாமலே அவள் உட்கார்ந்து, நோட்டில் ஒரு வரி எழுதி என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள். 'ஹி இஸ் சேயிங், கம் வித் அனதர் போட்.'

கடலில் எஞ்சின் சத்தத்தில் பேச்சு எடுபடாது. படகுக்குப் படகு கைதான் பேசும். உள்ளங்கையைத் தலைமேல் வைத்து இரண்டு முறை தட்டி, முன்னால் தாழ்த்தி இறக்கினால், வலை அடியில் மாட்டிக்கொண்டது, எங்களால் இழுக்க முடியாது, இன்னொரு படகு வரட்டும் என்று பொருள். 'நல்லாகீறோம்' என்று சொல்லும்போதே தருமன் அண்ணன் அதைச் செய்கிறார். கடைசியில் இன்னொரு முறையும் செய்கிறார். சத்தத்தோடு பார்த்தால் வேர்வை துடைப்பதுபோல்தான் இருக்கிறது. பக்கத்துக் கோட்டைக்குப்பத்துக் கரையில் பிறந்து வளர்ந்த நான் அந்த வீடியோவை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். என் கண்ணில் அது படவே இல்லை. நான் தருமன் அண்ணனைப் பார்க்கவில்லை.

வகுப்பில் நடந்ததைக் கேள்விப்பட்ட தலைமையாசிரியர், அந்த வீடியோ உங்கள் பென் டிரைவில் ஏன் இருந்தது என்று கேட்டார். நீயும் கேட்காதே.

அன்று சாயங்காலம் சுபஸ்ரீயின் அம்மா அங்காளம்மாள் அக்காவிடம் என் போனில் சத்தமில்லாமல் போட்டுக் காட்டினேன். மூன்று முறை பார்த்தார். அழவில்லை. "பதினாறு வருசமா கரையில நின்னு பாத்த கை டீச்சர் இது. நல்லாகீறோம்ன அந்த ஒரு பேச்சக் கேட்டுட்டு, நான் கையப் பாக்காம பூட்டேனே" என்றார். அவரே போன ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் எழுந்து அதைச் சொன்னார். பெரியவர்களில் ஒருவர், "தலையில பேன் கடிச்சாகூடத்தான் தட்டுவான். எட்டாவது படிக்கிற புள்ள எழுதனத வச்சினு ஊரு முடிவ மாத்தச் சொல்றியா?" என்று கேட்டார். சிரித்தார்கள். ரங்கன் என் பக்கம் திரும்பி, "டீச்சரம்மா இப்போ ஊமைப் படம் ஓட்றாங்கோ. அத இஸ்கூலோட வச்சிக்கினா நல்லது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மறுநாள் முதல் வகுப்பறை டிவியின் அலமாரிச் சாவி தலைமையாசிரியரிடம் போய்விட்டது.

ஜெனி, எனக்குப் பயமாக இருக்கிறது. ரங்கனை நினைத்து அல்ல. நாங்கள் தவறாகப் படித்திருந்தால்? அது உண்மையிலேயே வேர்வையாக இருந்து, நாங்கள் மனுவோடு போய், அந்தக் கோபத்தை முதலாளி அவர்கள்மேல் காட்டினால்? சரியாகப் படித்திருந்தும் பயந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டால்? ஒரு வரியை எத்தனை விதமாகப் படிக்கலாம் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விளையாட்டு. இந்த ஒரு வாரமாக அந்த விளையாட்டே வெறுத்துவிட்டது.

அதனால் கேட்கிறேன். உங்கள் மருத்துவமனையிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் படகுத் தொழிலாளர்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்கத் துறைமுகத்துக்குப் போவதாக எழுதியிருந்தாய். இந்த வெள்ளிக்கிழமை உன்னால் போக முடியுமா? அவர்களிடம் எதுவும் கேட்க வேண்டாம். பக்கத்தில் ஆள் இருப்பார்கள், கேட்டால் அவர்களுக்கும் உனக்கும் ஆபத்து. வழக்கம்போல வேலையைச் செய்து, பார்த்துவிட்டு வா. எடை குறைந்திருக்கிறார்களா, காலில் செருப்பு இருக்கிறதா, உன்னிடம் வர யாருடைய முகத்தையாவது பார்த்துவிட்டு வருகிறார்களா என்பது போதும். கடலில் சொல்லும் அந்தக் கையை மறுபடி காட்டினால் உனக்கே தெரிந்துவிடும். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை அங்காளம்மாள் அக்கா பேனாவைத் தொடமாட்டார். மற்ற நான்கு வீட்டுப் பெண்களும் உன் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை திருவள்ளூருக்கு, கலெக்டரிடம் மனுவோடு போவோம். பாடு போனால் போகட்டும் என்று அக்காவின் தம்பியே சொல்லிவிட்டார். அவர்கள் நன்றாக இருந்தால் அதையும் சொல். நான் எல்லார் முன்னாலும் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று. வரிசையில் மூன்றாவதாக நிற்பது இளவழகன். நம்மோடு பத்தாவது வரை படித்தவன்தான். அந்த வீடியோவில் அவன் ஒரு முறைகூடத் தலை நிமிரவில்லை. முழுக்கைச் சட்டையின் வலது கை, மணிக்கட்டையும் தாண்டி வெறுமையாகத் தொங்குகிறது. சட்டை பெரிதாக இருக்கலாம், கையை மடக்கி வைத்திருக்கலாம். ரத்த அழுத்தம் பார்க்கும்போது அந்தக் கையை நீட்டச் சொல். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிடு. வீடியோ காலில் கூப்பிடு. உன்னை எனக்குத் தெரியும். என்னைத் தேற்றுவதற்காக எதையாவது சொல்லிவிடுவாய். அதனால் முதலில் சத்தத்தை நிறுத்திவைத்துத்தான் உன் முகத்தைப் பார்ப்பேன். கோபித்துக்கொள்ளாதே. பார்த்து முடித்த பிறகு நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

பத்திரமாகப் போய் வா. உனக்கு எதுவும் ஆகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் முதல் வேண்டுதல், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. இந்த வரிசையை நானே இரண்டு முறை அடித்து அடித்து எழுதினேன் என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

என்றும் உன்,
நந்தினி