ஹீத்கோட் சிவப்பு வைனும் அம்மாவின்ரை சீலை அலுமாரியும்

அன்பு மகள் மயூராவுக்கு,

கெல்லிவில்லிலை நீயும் நிரூபாச் சித்தியும் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேணும். என்ரை சுகத்தைக் கேட்டால், சாப்பிடுறன், படுக்கிறன், வேலைக்குப் போறன், மிச்சத்துக்கு என்ரை மீற்றரிலை இன்னும் றீடிங் வரேல்லை. போனிலை கதைச்சால் நீ அழுவாய், அதுதான் எழுதிறன். அம்மா போனபிறகு அப்பாவைத் தனிய விடேலாது, படிப்பை மெல்பேர்னுக்கு மாத்திக்கொண்டு வாறன், ஓம் எண்டு சொல்லுங்கோ எண்டு கேட்டனீ. யூ ஆர் நொட் ஓகே அப்பா எண்டும் சொன்னனீ. சித்தியும் போன் எடுத்து, அத்தானுக்கு றைஸ் குக்கர் பட்டனை விட்டால் வேறை என்ன தெரியும், பிள்ளை வந்து நிக்கட்டும் எண்டவ. எனக்கும் ஆசைதான் பிள்ளை, உன்ரை அறையைக் கூட்டித் துடைச்சு வைச்சனான். ஓம் எண்டு சொல்லத்தான் இருந்தனான். அதுக்கிடையிலை ஒரு வேலைக்குப் போய்வந்தன், அதைக் கேள்.

போன கிழமை ஒரு சென்சர் பழுதுபார்க்கக் கொம்பனி என்னை ஹீத்கோட்டுக்கு அனுப்பினது. கிரெய்கிபர்னிலையிருந்து வடக்காலை ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலை ஓடவேணும். வழி முழுக்கப் புல்லுக் காய்ஞ்சு வைக்கல் நிறத்திலை கிடந்தது, பிறகு ஒரு வளைவிலை மண் அப்பிடியே சிவந்துபோச்சு. அங்கை ஹெலன் எண்டு என்ரை வயசு மனிசி ஒராள் திராட்சைத் தோட்டம் வைச்சு, வருஷக்கணக்கா வைக்கிற சிவப்பு வைன் செய்யிறா. பழைய கொடிகள் நிக்கிற காணித் துண்டிலை மண்ணின்ரை ஈரம் அளக்கிற சென்சர் பூச்சியத்திலை நிக்குது, பழுதோ எண்டு பார்க்கவேணும். நான் கழட்டிப் பூட்டிப் பார்த்தன், சென்சரிலை ஒரு பிழையுமில்லை, மண்தான் காய்ஞ்சு கிடக்குது. தண்ணியைத் திறந்து சோதிப்பம் எண்டு வரிசை வரிசையா நடந்தன், ஒரு குழாயையும் காணேல்லை. உங்கடை குழாயை ஆரோ களவெடுத்துப்போட்டாங்கள் எண்டு போய்ச் சொன்னன். அவ வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சா. இந்தத் துண்டுக்கு ஒருநாளும் குழாய் போட்டதில்லையாம். மேலை தண்ணி விட்டால் வேர் மேலையே சோம்பிக் கிடக்கும், விடாட்டில் கீழை தேடிப் போகும், சாகப்போகுது எண்டால் கட்டாயம் குடுப்பன், இது சாகேல்லை, காய்ஞ்சிருக்குது, அவ்வளவுதான் எண்டா. பிறகு சென்சர் புதைக்க வெட்டின கிடங்குக்கை என்னை இறக்கினா. என்ரை தலைக்கு மேலை மண், காலடியிலை விரல் தடிப்பிலை வேர், அது இன்னும் கீழை போகுது. ஐம்பது கோடி வருஷத்துக்கு முந்தி கடலுக்கடியிலை எரிமலை கக்கின கல்லுத்தான் உடைஞ்சு இந்த மண் ஆனதாம். மரம் எண்டு ஒண்டு உலகத்திலை இல்லாத காலம். நான் கையை அந்த மண்ணிலை வைச்சபடி நிண்டன், எடுக்க மனம் வரேல்லை.

மேலை வர, பழைய போத்தல் ஒண்டு எப்பிடி வந்திருக்குது எண்டு பார்க்கத் திறக்கிறன், நீரும் பாரும் எண்டு கூப்பிட்டா. நான் கலியாண வீட்டுப் பியருக்கு மேலை போகாத ஆள் எண்டு உனக்குத் தெரியும். முதலிலை புதுசைத் தந்தா, பச்சை வாழைக்காயைக் கடிச்ச மாதிரி வாயெல்லாம் கயர்த்தது. ருசி பார்க்கிறவை விழுங்கிறதில்லையாம், வாளி ஒண்டை நீட்டித் துப்பச் சொன்னா. ஒரு மனிசியின்ரை முகத்துக்கு முன்னாலை எப்பிடித் துப்புறது, விழுங்கிப்போட்டன். பிறகு அதே துண்டிலை விளைஞ்ச பழசைத் தந்தா. போத்தலிலை போட்டிருந்தது எங்கடை வீட்டிலை ஒரு விசேஷமும் நடக்காத வருஷம். அந்தக் கயர்ப்பெல்லாம் போத்தலுக்கை ஒண்டோடை ஒண்டு சேர்ந்து கனத்து அடியிலை மண்டியாப் போயிருந்தது. அம்மா போன நாளிலையிருந்து எனக்கு எதை வாயிலை வைச்சாலும் கடதாசி மாதிரித்தான், சித்தி அனுப்பின பருத்தித்துறை வடையும் அப்பிடித்தான். இது வாயிலை பட, முதல் காய்ஞ்ச பிளம், பிறகு மிளகு, கறுவா, கடைசியா மழை விழுந்த மண் எண்டு ஒவ்வொண்டா வந்தது, வந்தது போகேல்லை. உடனை போனை எடுத்து அம்மாவின்ரை நம்பரைத் தட்டிப்போட்டன். இஞ்சை பாரும் தாட்சாயினி எண்டு சொல்லத்தான். மணி அடிச்சது. அவவின்ரை போன் இன்னும் குசினியிலை சார்ச்சிலைதான் கிடக்குது, உனக்குத் தெரியும். விழுங்கினதாலை உடனை கார் ஓடேலாது. தோட்டத்து ஓரத்திலை இருந்து கொஞ்சநேரம் அழுதன், ஹெலன் கண்டும் காணாத மாதிரிப் போயிட்டா.

அதாலை நீ மாத்திக்கொண்டு வரவேண்டாம் மயூரா. நான் சாகேல்லை, காய்ஞ்சிருக்கிறன், அவ்வளவுதான். அங்கையே படிச்சு முடி. ஆடியிலை அம்மாவின்ரை திவசத்துக்கு வா, நிண்டு சாப்பிட்டுப்போட்டுத் திரும்பிப் போ. பருப்பும் கத்தரிக்காயும் இப்ப எனக்குச் சமைக்க வரும், சித்திக்குச் சொல்லு. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடை வெளியிலை போகாதை. அம்மாவும் கோணேசப் பெருமானும் உன்னோடை துணை நிப்பினம்.

ஒண்டு மறந்திட்டன். வெளிக்கிடேக்கை ஹெலன் புதுசிலை ஒரு போத்தல் தந்தா. குளிரான இருட்டிலை படுக்கவைச்சு, பதினைஞ்சு வருஷத்துக்குப் பிறகு திறவும் எண்டா. நான் ஓம் எண்டனான். அம்மா போனபிறகு அடுத்த கிழமைக்கு அங்காலை எதுக்கும் நான் ஓம் எண்டு சொன்னதில்லை. வீடு முழுக்க வெப்பமானி வைச்சுப் பார்த்தன், குளிர் குறையாத இடம் அம்மாவின்ரை சீலை அலுமாரிதான். சீலையளை ஆருக்கும் குடுத்துவிடச் சொல்லிச் சித்தி சொல்லியும் நான் திறக்காமலே வைச்சிருந்தது. இப்ப திறந்திட்டன். அந்த நீலக் காஞ்சிபுரத்துக்குக் கீழை போத்தல் கிடக்குது. அம்மா இருந்தால் என்னையும் போத்தலையும் சேர்த்து வெளியிலை விட்டிருப்பா. நீ வரேக்கை சீலை எடுத்தால் கவனம், அதை நிமித்தி வைச்சிடாதை.

அன்புடன்,
அப்பா கீர்த்தனன்
கிரெய்கிபர்ன்