துண்டை விலக்காதே, மணிமேகலை

பாலசமுத்திரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் மணிமேகலைக்கு,

அப்பா நாச்சிமுத்து எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே இருக்கிறோம். ஜெர்மனிக் குளிரில் நீ உடம்பைப் பார்த்துக்கொள். போனில் பேசத் தொடங்கினாலே நீ அழுகிறாய், நானும் பாதியில் வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம்.

அம்மாவை மதுரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வந்தேன். மூக்கில் அடிக்கும் அந்த மருந்தை ஒருநாள்கூட விடவில்லை. சர்க்கரைக்குப் போடும் இன்சுலினையே மூக்கில் அடித்தால் மறதி நோய்க்கும் உதவுமா என்று பார்க்கிறார்களாம் என்று தெருவில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு அழகர்சாமி தன் சர்க்கரை ஊசியையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், அம்மாவுக்குப் போட! நல்ல மனுஷர்தான், காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷாஹினா எல்லோர் முன்னாலும், "உங்க மகளோட ஆராய்ச்சியை வச்சுத்தான் இங்க இந்தச் சோதனையே நடக்குது ஐயா" என்று சொன்னார். ஒரு மாட்டுத் தரகனுக்கு இதைவிட என்ன வேண்டும்? பஸ்ஸில் முன்பின் தெரியாதவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

இந்தச் சோதனையில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். அம்மாவுக்குப் போவது தண்ணீரோ என்று உனக்குச் சந்தேகம். உன் பேராசிரியரிடம் சொல்லி விவரத்தைப் பார்த்து, மருந்துக்கு மாற்றிவிடுவேன் என்கிறாய். வேண்டாம் சாமி. சந்தையில் மற்றவருக்கு விலை தெரியாதபடி துண்டுக்கு அடியில் விரல் பிடித்துத்தான் மாட்டுக்கு விலை பேசுகிறோம். என் கூடப்பிறந்த தம்பி மாட்டை விற்றபோதும் நான் அடுத்தவர் துண்டை விலக்கிப் பார்த்ததில்லை. பார்த்தவன் பேச்சைச் சந்தையில் எவனும் நம்ப மாட்டான். நீ பார்த்துவிட்டால் உன் மருந்தை அப்புறம் யார் நம்புவார்கள்?

உன்னிடம் மறைக்க மாட்டேன். அம்மாவுக்கு மறதி கூடிக்கொண்டுதான் போகிறது. நேற்றுப் பேப்பரில் உன் படம் வந்திருந்தது. அவளிடம் காட்டினேன். நெடுநேரம் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது யாரு புள்ளைங்க? பெத்தவ குடுத்து வெச்சவ" என்றாள். அழுகையும் பெருமையும் ஒன்றாக வந்தது எனக்கு. ஆமாம், குடுத்து வெச்சவதான் என்றேன்.

உன் மருந்தால் ஏதோ ஒரு தாய் தன் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அந்த மகள் நீயாக இருக்க வேண்டும் என்று தினமும் பழனியாண்டவரைக் கேட்கிறேன். நீயாக இல்லாமல் போனாலும் வேலையை விட்டுவிடாதே, கண்ணு.

நேரத்துக்குச் சாப்பிடு.

என்றும் உன் நினைவாக,
அப்பா