வண்டி போகும்வரை

இன்று சென்னையில் மழை. பெட்டியிலிருந்து கம்பளியை எடுத்தேன். அந்துருண்டை வாசனை. எனக்கு அது பியானோ வாசனை, அப்பா.

மலையில் ஒரு பங்களாவைக் காலி செய்தவர்கள் விற்றுவிட்டுப் போன பியானோவை நீங்கள் வாங்கி, கொடைரோடு ரயில்வே குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்தீர்கள். உள்ளே இருந்த கம்பளித் துணியைப் பூச்சி அரிக்காமலிருக்க அந்துருண்டை போட்டீர்கள். ஓய்வு பெறும் வயது நெருங்கியிருந்தது.

"ஏங்க, இம்புட்டுப் பெரிய பெட்டி. நெல்லுகூடக் கொட்ட முடியாது" என்றாள் அம்மா.

ஸ்டேஷனில் கேட்டார்கள்: "என்ன சார், சினிமாவுல சேரப் போறீகளா?"

"சீட்டாடுறதுக்கு இது தேவலை" என்றீர்கள்.

உங்கள் ஆசை சிறியது. ஒரே ஒரு பாட்டு, நாலு பேர் முன்னால், முதலிலிருந்து கடைசிவரை. அதற்காக வாராவாரம் திண்டுக்கல்லுக்கு ரயில் ஏறினீர்கள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லித்தந்த டீச்சருக்கு உங்கள் வயதில் பாதி.

மாலை கூட்ஸுக்குச் சிக்னல் இறங்கினால் உங்கள் வேலை முடிந்தது. வீட்டுக்கு வந்து, கால் கழுவி, பியானோ முன் உட்காருவீர்கள். பாட்டின் நடுவே அந்த வண்டி வரும். பாத்திரமெல்லாம் அதிரும். கைகளைத் தூக்கிக்கொள்வீர்கள். கடைசிப் பெட்டி போனதும் விட்ட இடத்திலிருந்து வாசிப்பீர்கள். வண்டி தாமதமென்றால் நீங்களும் தாமதம். எனவே பாட்டில் வண்டி குறுக்கிடுவது எப்போதும் அதே இடம்.

ஒருநாள் வகுப்பிலிருந்து திரும்பி அம்மாவிடம் கேட்டீர்கள்: "நடுவுல நிக்கிறேன்னு டீச்சர் சொல்லுது. நான் எங்க நிக்கிறேன்?"

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

டீச்சரின் பள்ளி ஆண்டு விழாவில் உங்களுக்கும் இடம் கிடைத்தது. "சரி பண்ணிட்டேன்" என்று சொல்லித்தான் மேடையேறினீர்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நன்றாகத்தான் போயிற்று.

அந்த இடம் வந்தது. கைகள் எழுந்தன.

அமைதி. முடிந்துவிட்டதென்று கைதட்டினார்கள். நீங்கள் திரும்பவில்லை. எனக்குப் பக்கத்திலிருந்த அம்மா எழ முயன்றாள். முன்னால் கைதட்டிய யாரோ ஒருவரின் தோளைத் தொட்டு, "செத்த இருங்க, இன்னும் முடியல. வண்டி போகட்டும்" என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சற்றுப் பொறுத்துத் தலையை ஆட்டிக்கொண்டாள். "போயிருச்சு. இனி வாசிப்பாக."

வாசித்தீர்கள். கடைசிவரை.

திரும்பும்போது ரயிலில் நீங்கள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டீர்கள்: "நடுவுல ஏன் கைதட்டுனாங்க?"

"வண்டிய வழியனுப்புனாங்க" என்றாள் அம்மா. நீங்கள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

போன வாரம் பக்கத்து அறை ரேடியோவில் அதே பாட்டு. யாரோ பெரிய வித்வான். பிழையே இல்லை. அந்த இடத்தில் அவர் நிற்காமல் போய்விட்டார். நான் நின்றேன். தண்டவாளமில்லாத தெரு. கடைசிப் பெட்டி போகட்டும் என்று காத்திருந்தேன். ரேடியோவில் செய்தி தொடங்கிவிட்டது. எனக்கு இன்னும் பாதிப் பாட்டு பாக்கி இருந்தது.