அட்டையம்மாவுக்கு ஒரு நிமிடம்

மார்ச் 3, செவ்வாய்

கடையில் கூட்டமில்லை. காலையிலிருந்து மூன்றே மூன்று மூக்குக்கண்ணாடிகள். ஒன்றுக்குக் கால் வளைந்திருந்தது, மற்ற இரண்டுக்கும் மூக்கில் பதியும் ரப்பர் போய்விட்டது. கை வேலை செய்தது, மனசு மட்டும் ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆட்டத்திலேயே நின்றது.

சிவப்பு அணிக்காரர்கள் ஐந்து பேர் நடுவர் அட்டையம்மாவைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். ஒவ்வொருவனும் அவரைவிட ஒரு தலை உயரம். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தி முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டிவிட்டு நடந்தார். அவ்வளவுதான். நான் மட்டும் கைதட்டினேன். முன்வரிசையில் ஒருவர் திரும்பி என்னைப் பைத்தியம்போலப் பார்த்தார்.

என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கிண்டல். "ஊர்ல எல்லாரும் கோல் பார்க்கப் போறாங்க. நீ ஒருத்திதான் ரெஃபரியைப் பார்க்கப் போறே."

ஆமாம், போகிறேன்.

மார்ச் 5, வியாழன்

அட்டையம்மா இறந்துவிட்டார்.

காலை ஓட்டப் பயிற்சி முடித்து, பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். நாற்பத்தேழு வயது. கண்ணாடி வாங்க வந்த ஒருவர் ஃபோனைப் பார்த்துச் சொன்னார். "ஒழிஞ்சது போங்க, இனிமேலாவது பெனால்டி கிடைக்கும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் அவருடைய கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். "போதும்மா, தேஞ்சுடப் போகுது" என்றார்.

மார்ச் 6, வெள்ளி

தூக்கமில்லை. சாப்பிடும்போது அழுதுவிட்டேன். வீட்டுக்காரர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்: "ஒரு தடவைகூட நேர்ல பேசினது கிடையாது. உனக்கு அவங்க யாரு?"

கோபத்தில் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டார். பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எனக்கு யாரிடமும் மறுத்துப் பேச வராது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அண்ணன் சொன்னால் சரி, முதலாளி சொன்னால் சரி, கண்ணாடியைத் தானே உடைத்துக்கொண்டு வந்து நான்தான் சரியாகப் பொருத்தவில்லை என்று சண்டை போடுகிறவர் சொன்னாலும் சரி. ஆறு வருஷத்துக்கு முன்னால் மகளைக் கூட்டிக்கொண்டு முதன்முதலாக மைதானத்துக்குப் போனேன். பத்தாயிரம் பேர் ஒரே குரலில் திட்டினார்கள், நடுவில் ஒரு பெண் நின்றிருந்தார். முடிவை மாற்றவில்லை. அழவில்லை, பதிலுக்குக் கத்தவும் இல்லை. இப்படியும் ஒருத்தி இருக்க முடியுமா என்று தோன்றியது. மகளுக்கு ஆட்டம் அலுத்துவிட்டது. எனக்கு அலுக்கவில்லை.

அட்டையம்மா என்று பெயர் வைத்தவர்கள் கையிலிருக்கும் அட்டையை மட்டும் நினைத்து வைக்கவில்லை. ரத்தம் குடிக்கிற அட்டையும் அதில் சேர்த்தி. அவருக்கும் அது தெரியாமலா இருந்திருக்கும்?

மார்ச் 8, ஞாயிறு

போனேன். யாரோ ஒரு புது நடுவர். ஆட்டம் தொடங்கும் முன் ஒலிபெருக்கியில் பெயின்ட் கம்பெனி விளம்பரம். பிறகு கார் எண் ஒன்றைச் சொல்லி, வழியை மறிக்கிறது, எடுக்கவும் என்றார்கள். பிறகு விசில்.

அட்டையம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பத்தொன்பது வருஷம் இந்தப் புல்லில் ஓடியவர்!

விடப் போவதில்லை. என்ன செய்வேன் என்று தெரியவில்லை. ஆனால் விடப் போவதில்லை.

மார்ச் 10, செவ்வாய்

அரை நாள் விடுப்பு கேட்டுக் கால்பந்துக் கழக அலுவலகத்துக்குப் போனேன். அடுத்த ஆட்டத்தில் அட்டையம்மாவுக்கு ஒரு நிமிட மௌனம் வேண்டும் என்று கேட்டேன். மேசையில் இருந்தவர் நல்ல மனுஷர்தான். தேநீர் கொடுத்துவிட்டு மறுத்தார்.

"மௌன அஞ்சலி ஆட்டக்காரங்களுக்குத்தாம்மா. ரெஃபரிக்கெல்லாம் வழக்கம் இல்லை."

"முதல் ஆட்டக்காரருக்குச் செஞ்சப்ப மட்டும் வழக்கம் இருந்துச்சா சார்?"

அவர் பேனாவை மூடினார். "மேலே கேட்கணும்."

"எத்தனாவது மாடி?"

கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே படியேறத்தான் கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னார். வரும் ஞாயிறு ஆட்டம் சிவப்பு அணியின் மைதானத்தில். போன வருஷ இறுதி ஆட்டத்தில் அட்டையம்மா பெனால்டி தராததால் கோப்பை போன கூட்டம் அது. "நாங்க மௌனம்னு சொல்லி, அவங்க ஊளையிட்டா? செத்தவங்களுக்கு அதைவிட அவமானம் வேணுமா? மேளம் அடிக்கிறாரே, அவங்க ரசிகர் மன்றத் தலைவர், அவரைச் சம்மதிக்க வைங்க. அப்புறம் என் பொறுப்பு."

மார்ச் 12, வியாழன்

தலைவருக்கு டயர்க் கடை. தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். கால் பின்னாலேயே இழுத்தது.

விஷயத்தைச் சொன்னதும் டியூபைத் தொட்டியிலேயே விட்டுவிட்டார். "அவளுக்கா? அவ எங்க வயித்துல அடிச்சவ. எதிர் டீம்காரன் எங்காளைப் பிடிச்சுத் தள்ளினான், இவ ஊதலை, கோப்பையே போச்சு. ஊரே பார்த்துச்சு, அவ பார்க்கலை."

"நீங்க அந்தக் கோடியில மேளம் அடிச்சுட்டு இருந்தீங்க. அவங்க பத்தடியில நின்னாங்க."

"தள்ளினான்!"

"தள்ளலை."

நானா பேசினேன்? நான்தான். பக்கத்தில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் கையிலிருந்த பசை காய்கிறவரை எங்களையே பார்த்தார்.

"தள்ளினான்னு சாகிற வரைக்கும் சொல்வேன்" என்றார்.

"சொல்லுங்க. அவங்க உயிரோட இருந்தா, தள்ளலைன்னு சாகிற வரைக்கும் சொல்லியிருப்பாங்க."

கையைத் துடைத்தார். "அது நெசம். ஒரு தடவை ஊதிட்டா மாத்தவே மாட்டாங்க. எங்களுக்கு மட்டுமில்லை, எவனுக்கும்."

அவள், இவள் என்றிருந்தவர் வாயில் மரியாதை தானாக வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"ஒரு நிமிஷம் வாயை மூடிட்டு இருக்கறது எங்காளுங்களுக்குப் பழக்கமே இல்லை. பார்க்கறேன். வாக்குக் குடுக்க மாட்டேன்."

மார்ச் 13, வெள்ளி

பார்க்கறேன் என்றால் சரி என்று அர்த்தமா, ஆளை விடு என்று அர்த்தமா?

மார்ச் 15, ஞாயிறு

வீட்டுக்காரரும் வந்தார். நான் கூப்பிடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார், அவ்வளவுதான்.

ஒலிபெருக்கியில் இறந்தவருடைய முழுப் பெயரைச் சொன்னார்கள். யாருக்கும் பிடிபடவில்லை. "யாருப்பா அது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "அட்டையம்மாடா" என்று இன்னொரு குரல். எங்கோ ஒரு விசில் சத்தம், ஒரு ஊளை. டயர்க் கடைக்காரர் மேளத்தைக் கழற்றிக் கீழே வைத்தார். ஊளை வந்த பக்கம் திரும்பி நின்று பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்தார்.

அந்த வரிசை எழுந்தது. அதற்குப் பின்னால் இருந்தது எழுந்தது. எதிர்ப்பக்க ரசிகர்களின் பாட்டு பாதியில் நின்றது. கொடிக்கம்பத்தில் கயிறு மோதுகிற சத்தம் கேட்டது. அந்த மைதானத்தில் அப்படி ஒரு சத்தம் உண்டு என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. புது நடுவர், சின்ன வயசு, தலை குனிந்து நின்றார். நிமிடம் முடிந்த பிறகும் ஊதவில்லை.

வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்பப் புரியுது" என்றார்.

ஐந்தாவது நிமிடம் ஏதோ ஒரு ஃபவுலுக்கு அந்தச் சின்ன நடுவரை மொத்த மைதானமும் கிழி கிழியென்று கிழித்தது. அவர் முடிவை மாற்றவில்லை.

மார்ச் 16, திங்கள்

நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

டயர்க் கடைக்காரரின் மன்றம் பள்ளிக்கூடப் பெண்களுக்குப் போட்டி நடத்துகிறது. பார்க்கத்தான் போனேன். கோட்டோரம் நிற்கிற துணை நடுவருக்குக் காய்ச்சலாம். "நீங்கதான் ரெஃபரி கட்சியாச்சே, கொடியைப் பிடிங்க" என்று கையில் திணித்துவிட்டார்.

ஓடினேன். நாற்பத்தொரு வயதில் இப்படி ஓடுவேன் என்று யார் நினைத்தார்கள்? இரண்டாம் பாதியில் டயர்க் கடைக்காரரின் மகள் கோல் போட்டாள். மொத்தக் கூட்டமும் குதித்தது. பந்தை அவளுக்கு அடித்தபோதே அவள் எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் எல்லோரையும் தாண்டி நின்றிருந்தாள், பார்த்தேன். ஆஃப்சைடு, கோல் செல்லாது. கொடியைத் தூக்கினேன்.

மனுஷர் கோட்டோரமாகவே ஓடிவந்து வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். காது சுட்டது. கொடியை இறக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் அடுத்த ஞாயிறும் வரச் சொன்னார். திட்டிக்கொண்டேதான் சொன்னார்.