கேத்தல் கொதிப்பதற்குள்

இன்று சாயங்காலம் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு வழக்கம்போல மேலே பார்த்தேன். சுவர் கூரை வரைக்கும் போய் முட்டி நிற்கிறது. புது வீட்டில் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் ஈர விறகின் புகை மூக்கில் ஏறியதும் கழுத்து தானாக நிமிர்ந்துவிட்டது. வீடு மாறியதற்காகப் பழக்கம் மாறுமா, சொல்லு.

நம் தேயிலைத் தோட்டத்து லயத்தின் அறை வரிசையில் உன் அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரே சுவர். அதுவும் முழுச்சுவர் இல்லை. மேலே ஒரு முழம் இடைவெளி விட்டுத்தான் தகரம் போட்டிருந்தார்கள். உன் வீட்டுப் புகை அந்த வழியாக என் வீட்டுக்கு வரும், என் வீட்டுச் சண்டை உன் வீட்டுக்கு வரும். யார் கருவாடு பொரித்தாலும் வாசம் இரண்டு வீட்டுக்கும் பொது. மற்றவர்கள் அந்த இடைவெளியைத் திட்டிக்கொண்டே காலத்தை ஓட்டினார்கள். நீ அதற்கு ஒரு வேலை கொடுத்தாய்.

"புள்ள, ஒன்னு கேக்கவா?"

நீ கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு மலையிலிருந்து வந்திருப்பாய். நான் பிள்ளை மடுவத்தில் ஊரார் பிள்ளைகளையெல்லாம் தூங்க வைத்து, எழுப்பி, மூக்கைத் துடைத்து, தாய்மாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருப்பேன். இரண்டு பேரும் அடுப்பு மூட்டும் நேரம். நீ கேட்பதெல்லாம் நடக்காத காரியமாகவே இருக்கும். ஒரே ஒரு நாள் நீ தோட்டத்தை நடத்துகிற தொரையாக இருந்தால் என்ன செய்வாய்? தேயிலைச் செடிக்கு வாய் இருந்தால் நம்மைப் பற்றி என்ன கோள் சொல்லும்? மறுபடி பிறந்தால் இதே லயத்தில் பிறப்பாயா? 'தெரியாது' என்று சொல்லக்கூடாது. கேத்தல் கொதிப்பதற்குள் பதில் வந்தாக வேண்டும். இந்தச் சட்டமெல்லாம் போட்டது நீ. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தொரை கேள்விக்கு நான், "காலையில பேர் கூப்புடுற பெரட்ட நல்லா வெயில் வந்த பொறகு வெப்பேன்" என்றேன்.

"நான் தொரைன்னா பெரட்டே கெடையாது. பங்களாவுல இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குவேன்" என்றாய் நீ.

"இவளுக ரெண்டு பேரும் தொரையானா தோட்டத்த மூடிட்டுப் போக வேண்டியதுதான்" என்று என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துச் சொன்னார். நீ அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்து, சோற்றை அடிப்பிடிக்க விட்டேன். அதற்கும் உன்னைத்தான் திட்டினேன்.

ஒரு அடைமழைக் காலத்தில் நீ கேட்டது மட்டும் விளையாட்டாகத் தெரியவில்லை. லயத்துக்குப் பின்னாலிருந்த மேட்டில் வெடிப்பு விட்டிருக்கிறது என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

"மண்ணு சரிஞ்சு வருது. ஒரே ஒரு சாமானத்தான் எடுத்துக்கிட்டு ஓடலாம். என்னத்த எடுப்ப?"

"ஐடென்டிகாட்டு, பொறப்புப் பத்திரம் எல்லாம் வெச்சிருக்கிற பேக்க எடுப்பேன். நீ?"

"நான் ஒன்னையும் எடுக்க மாட்டேன். ரெண்டு கையும் காலியா இருக்கணும். யாரையாவது புடிச்சு இழுக்க வேண்டி வரும்ல."

எனக்கு எரிச்சல் வந்தது. "எப்பப் பாத்தாலும் நீதான் நல்லவ" என்று கரண்டியைத் தூக்கிப் போட்டேன். எனக்கு அப்படி ஒரு பதில் தோன்றவில்லையே என்கிற எரிச்சல்தான், வேறென்ன?

கொஞ்ச நாளில் அது நடந்தே விட்டது. பகலிலேயே இருட்டிக் கொண்டுவந்த மழையில், எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லி ஆட்கள் வந்து கத்தினார்கள். நீ சுவரை ஓங்கித் தட்டினாய். நான் ஓடினேன். பள்ளிக்கூடத்து வாசலில் நின்று பார்த்தால் என் கையில் கொதிக்கிற கேத்தல்! பேக் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. பின்னாலேயே நீ வந்தாய். ஒரு கையில் என் மகள். இன்னொரு கக்கத்தில் உன் முட்டைக்கோழி. அது மழையில் நனைந்து, எல்லோரையும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு கையும் காலியா வருவேன்னியே?" என்றேன்.

"இழுக்குறதுக்கு ஒரு கை போதும்னு இப்பத்தான் தெரிஞ்சது."

அந்தக் கேத்தல் தண்ணீரில் அன்று வகுப்பறையில் இருந்த அத்தனை பேரும் ஒரு மடக்கு பிளேன்டீ குடித்தோம். குடித்துவிட்டு நீ சொன்னாய்: "பதில் சொல்ற ஆளு வேற, ஓடுற ஆளு வேற, புள்ள." அந்த முறை மேடு சரியவில்லை. மழை விட்டதும் அதே லயத்துக்கு, அதே சுவருக்குத் திரும்பினோம்.

அப்புறம் உனக்கு உடம்பு முடியாமல் போனது. பதுளை ஆஸ்பத்திரிக்கு நான் பஸ் ஏறி வந்த கடைசி தடவை, நீ தலையணையில் சாய்ந்தபடி அதே குரலில், "ஒன்னு கேக்கவா?" என்றாய்.

"நான் இல்லாட்டி, செவுத்துக்கு அந்தப் பக்கம் யார் வந்தா ஒனக்குப் புடிக்கும்?"

தெரியாது என்று சொல்லக்கூடாது. யாரும் வேண்டாம் என்று சொன்னாலும் நீ இல்லாமல் போவதை நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். "இங்க ஏது கேத்தல்? பதில் சொல்ல மாட்டேன், போ" என்றேன்.

நீ சிரித்தாய். "சரி, கொதிக்கிறப்ப சொல்லு."

அந்தக் கேள்வியை அப்படியே என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டாய். நான் அழுததை இங்கே எழுதப் போவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நீ இருந்திருந்தால் உனக்குக் கேட்டிருக்கும்.

உன் மகன் கொழும்போடு தங்கிவிட்டான். உன் அறைக்கு அப்புத்தளைப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். கைக்குழந்தைக்காரி. புருஷன் வெளியூரில் கடை வேலை. நல்ல பிள்ளைதான், வாய் அதிர்ந்து பேச மாட்டாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. உன் அடுப்பில் அவள் விறகு வைப்பது பிடிக்கவில்லை. உன் கொடியில் குழந்தையின் துணி தொங்குவது பிடிக்கவில்லை. இதில் நியாயம் ஒன்றும் இல்லை என்று எனக்கும் தெரியும்.

ஒரு சாயங்காலம் சுவருக்கு மேலிருந்து, "அக்கா, ஒன்னு கேக்கவா?" என்று குரல் வந்தது. என் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் கேட்டதோ கொஞ்சம் உப்பு. கொடுத்தேன். அடுத்த நாளே ஒரு பழைய கொழுந்துச் சாக்கை ஆணி அடித்துக் கட்டி அந்த இடைவெளியை மறைத்துவிட்டேன். புகை வருகிறது என்று வீட்டில் காரணம் சொன்னேன். இத்தனை வருஷமாக வராத புகையா என்று என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. அவருக்குப் புரிந்திருக்கும்.

போன மழைக்கு மேடு நிஜமாகவே சரிந்தது. விடிந்து அடுப்பு மூட்டியிருந்தேன். பின்பக்கம் மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம். என் வீட்டுக்காரர் மகளோடு வாசலுக்குப் பாய்ந்துவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? சாக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "தங்கச்சி, ஓடு!" என்று கத்தி, சுவரை இரண்டு கையாலும் தட்டினேன். சத்தமில்லை. வெளியே ஓடி, உன் கதவைத் தள்ளிக்கொண்டு போனால், அவள் குழந்தையை அணைத்துக்கொண்டு மூலையில் உறைந்து நிற்கிறாள். கையைப் பிடித்து இழுத்தேன். ரோட்டில் வந்து நின்று மூச்சு விட்டபோதுதான் பார்த்தேன். என் ஒரு கையில் அவள் கை. மற்றக் கையில் ஒன்றுமே இல்லை. நீ சொன்ன பதிலை நான் செய்திருக்கிறேன், புள்ள. உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டு ஓடியது அது ஒன்றுதான் போலிருக்கிறது.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. உன் அறையும் என் அறையும் மண்ணுக்குள் போய்விட்டன. அந்தச் சுவரும் போய்விட்டது.

இப்போது தெமோதரை ரோட்டுப் பக்கம் தனித்தனி வீடாகக் கொடுத்திருக்கிறார்கள். சிமெந்துத் தரை, சாத்தினால் சாத்திக்கொள்கிற கதவு. பக்கத்து வீட்டில் அந்தப் பிள்ளைதான். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கிற அளவு இடம். உப்பு வேண்டுமென்றால் இப்போது அவள் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். வருகிறாள்.

இன்று வழக்கம்போல மேலே பார்த்தேன் என்றேனே, அதற்குப் பிறகு நான் பின்வாசலுக்குப் போனேன். அவள் வெளியே குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, ஒன்னு கேக்கவா?"

"கேளுங்கக்கா. என்ன வேணும்?"

"ஒன்னும் வேணாம். மறுபடி மண்ணு சரிஞ்சு வந்தா, ஒரே ஒரு சாமானத்தான் எடுக்கலாம். என்னத்த எடுப்ப? என் கேத்தல் கொதிக்கிறதுக்குள்ள சொல்லணும். தெரியாதுன்னு சொல்லக்கூடாது."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பாள். முதல் தடவை நீ கேட்டபோது நானும் உன்னை அப்படித்தான் நினைத்தேன். குழந்தை வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.

"புள்ளயத் தூக்கிட்டு வந்து ஒங்க செவுத்தத் தட்டுவேன்க்கா" என்றாள்.

"இப்பத்தான் ரெண்டு வீட்டுக்கும் நடுவுல செவுரு இல்லையே."

"இல்லாட்டி என்ன? சுத்தி ஓடி வந்து கதவத் தட்டுவேன்."

உள்ளே கேத்தல் மூடி தடதடவென்று ஆட ஆரம்பித்தது. நான் போய் இறக்கவில்லை. நீ ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, கொதிக்கிறப்ப சொல்லு என்றாயே, இதோ கொதிக்கிறது.

இவள் இருக்கட்டும், புள்ள. இவள் வந்தது எனக்குப் பிடித்திருக்கிறது.