பேரரசி தலைகீழாக

மார்ச் 9, ஞாயிறு

பீச் பக்கத்துக் கஃபேயில் டாரோட் சீட்டு வைத்துக் குறி சொல்லக் கற்றுத்தரும் அறிமுக வகுப்பு. குழந்தைக்கு ஏங்கிக்கொண்டிருக்கும் தங்கை கலாவையும் அழைத்துப் போனேன். நாலு பேரோடு சிரித்துவிட்டு வரட்டும் என்றுதான்.

செய்துகாட்ட ஆசிரியை ஓர் ஆளைக் கேட்டார். கலா அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். நானும் மற்றவர்களும் ஆசிரியைக்குப் பின்னால் நின்று பார்த்தோம். கலா எடுத்த சீட்டில் பேரரசி படம்.

“இது தாய்மைக்கான சீட்டு. ஆனா தலைகீழா வந்திருக்கு. வயித்துல ஒண்ணும் தங்காது.”

“எனக்கு நேராதான தெரியுது மேடம்?” என்றாள் கலா.

“படிக்கிறவங்க பக்கத்துலேருந்துதாம்மா பாக்கணும்.”

கலா அழுதுவிட்டாள். அந்தப் பொம்பளை எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தாள். “பாத்தீங்களா? எதிர்ல இருக்கிறவங்க அழுதா, நாம சரியா படிக்கிறோம்னு அர்த்தம்.” எல்லோரும் அதைக் குறித்துக்கொண்டார்கள். சீ!

கலாவை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தோம். வாசலில் இறங்கியதும் கேட்டாள்: “அக்கா, ஒனக்கு அந்தச் சீட்டு எப்படித் தெரிஞ்சிது?”

“நேராத்தான்டி” என்றேன்.

நான் எந்தப் பக்கம் நின்றேன் என்று அவளுக்குத் தெரியும்.